தலைச்சொல்லும் தேடுவோரும்: ருஷ்ய – தாத்தாரிய இருமொழி அகராதிகளின் பதிவமைப்பு குறித்து ஒரு நோக்கு

இருமொழி அகராதியை எடுப்பவர் ஒரு சொல்லின் பொருளைத் தேடியே எடுக்கிறார். அந்நூல் எவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது என்று ஆராய்வதற்காக எடுப்பதில்லை. தேடிய சொல் உரிய இடத்தில் கிடைத்துவிட்டால் அமைப்பு அவர் கண்ணுக்குப் படுவதே இல்லை. கிடைக்காதபோதுதான், இந்நூலைத் தொகுத்தவர் சொல்லை வேறோர் இடத்தில் வைத்திருக்கிறார், அதற்கு ஏதோ ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. அந்தக் காரணங்களையே இக்கட்டுரையில் நாம் நோக்க விழைகிறோம். அதற்கு எடுத்துக்கொண்டிருப்பவை வோல்கா ஆற்றின் நடுப்பகுதியில், கசான் நகரை மையமாகக் கொண்டு வளர்ந்த ருஷ்ய – தாத்தாரிய, தாத்தாரிய – ருஷ்ய அகராதிகள் ஆகும்.

தாத்தாரியம் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழைப் போன்றே ஒட்டுநிலை மொழி. வேர் முன்னே நிற்க, பன்மையும் உடைமையும் வேற்றுமையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒட்டும். ருஷ்யமோ சொல்லின் ஈறும் சில வேளைகளில் உள்ளொலியும் மாறும் உட்பிணைப்பு மொழி; முன்னொட்டுகள் மிக்கது; பெயருக்கு இலக்கணப் பால் மூன்று உண்டு. இத்துணை வேறுபட்ட இரு மொழிகளை எதிரெதிரே நிறுத்தும் நூலில், இரண்டில் எந்த மொழியின் இலக்கணம் பக்கத்தை ஆள்கிறது என்பது வெறும் அச்சுச் சிக்கல் அன்று.

தொடருமுன் ஒரு குறிப்பு. தாத்தாரியத்தின் முன்னுயிர்களையும் குறுகிய இடையுயிர்களையும் தமிழ் எழுத்தால் முழுமையாகக் காட்ட இயலாது. கீழே வரும் வடிவங்கள் தோராயமானவை. எடுத்துக்காட்டின் நோக்கத்திற்கு அவை போதும் என்று கருதுகிறோம்.

எழுத்து மாறினால் வரிசை மாறும்

ருஷ்யப் பேரரசில் இத்துறையின் தொடக்ககால நூல்களுள் ஒன்று, தொபோல்ஸ்க் நகரில் ஆசிரியராக இருந்த இயோசிஃப் கிகானோவ் 1804இல் வெளியிட்ட ருஷ்ய – தாத்தாரிய அகராதி. அலெக்சாந்தர் திரயான்ஸ்கியின் தாத்தாரிய அகராதி 1833இலும் 1835இலும் இரு தொகுதிகளாகக் கசானில் வெளிவந்தது. இவற்றில் தாத்தாரியச் சொற்கள் அரபு எழுத்தில் நின்றன. 1876இல் நிக்கொலாய் அஸ்த்ரோஊமொவ் வேறொரு வழியில் சென்றார். கசான் மாநிலத்துக் கிறித்தவத் தாத்தாரியரின் உச்சரிப்பை ஒட்டி, சொற்களைச் சிரில்லிக் எழுத்தில் பதிவுசெய்து அகராதி அமைத்தார். ஒரே நகரத்தில், ஒரே காலத்தில், ஒரே மொழி நூல்மரபின்படி ஒரு வரிசையிலும் செவிப்புலனின்படி மற்றொரு வரிசையிலும் நின்றது. அரபு எழுத்தின் பழைய மரபு உயிரொலிகள் பலவற்றை எழுதாமலே விடும். ஆகவே அவ்வகராதியில் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க அச்சொல்லை முன்னரே ஓரளவு அறிந்திருக்க வேண்டும். கேட்டதை அப்படியே தேடும் வசதி அஸ்த்ரோஊமொவின் நூலில்தான் இருந்தது. ஆனால் அது சிறுபான்மையினரான ஒரு சமயப் பிரிவினரின் பேச்சுக்கு மட்டும் உரியது.

தாத்தாரிய அறிஞர் கயூம் நஸீரி (1825–1902) இந்த இரு உலகங்களுக்கும் இடையே நின்றவர். தாத்தாரியச் சிறுவர்க்கு ருஷ்யம் கற்பித்தவர். 1878இல் தாத்தாரிய – ருஷ்ய அகராதியும் 1892இல் ருஷ்ய – தாத்தாரிய அகராதியும் வெளியிட்டபின், 1895, 1896ஆம் ஆண்டுகளில் ‘லஹ்ஜையி தத்தாரி’ என்னும் இரு தொகுதி நூலில் தாத்தாரியத்தைத் தாத்தாரியத்தாலேயே விளக்கினார். இந்த வரிசைமுறை நம் கவனத்திற்கு உரியது. அண்டைமொழிக்கு எதிரே தம் மொழியை நிறுத்திப் பார்த்தவரே பின்னர் அதனைத் தனித்தும் நிறுத்த முற்பட்டார்.

அதன்பின் எழுத்தே நிலைகொள்ளவில்லை. 1920களில் அரபு எழுத்து திருத்தப்பட்டது. அப்பத்தாண்டின் இறுதியில் இலத்தீன் எழுத்து வந்தது. 1939இல் சிரில்லிக் எழுத்து அதன் இடத்தைப் பிடித்தது. ஒருவர் தம் வாழ்நாளுக்குள்ளேயே மூன்று அகரவரிசைகளைக் கற்க வேண்டியதாயிற்று. (ஜாவியிலிருந்து ரூமிக்கு மாறிய மலாய் மொழியை அறிந்த நமக்கு இதன் பொருள் ஓரளவு விளங்கும்.) சிரில்லிக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. ருஷ்யத்தில் இல்லாத ஆறு எழுத்துகள் தாத்தாரியத்திற்கென்று சேர்க்கப்பட்டன. அதிகாரமுறை வரிசையில் அவை ருஷ்ய எழுத்துகள் அனைத்தும் முடிந்தபின் கடைசியில் வைக்கப்பட்டன. 1997இல்தான் ஒவ்வொன்றும் அதனதன் இன எழுத்துக்கு அடுத்து இடம்பெற்று, இன்றைய 39 எழுத்து வரிசை அமைந்தது. தாய்மொழியின் தனி ஒலிகளைப் பின்னிணைப்பைப் போல் ஒதுக்கிவைத்த வரிசை ஏறத்தாழ அறுபதாண்டுகள் செல்லுபடியாக இருந்தது என்பதை நாம் கடந்துபோக இயலவில்லை. 1999இல் இலத்தீனுக்குத் திரும்பும் சட்டம் தாத்தார்ஸ்தானில் இயற்றப்பட்டதும், 2002ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் குடியரசுகளின் அரசுமொழிகளுக்குச் சிரில்லிக்கையே கட்டாயமாக்கியதும் இதன் தொடர்ச்சியே.

வினையை எங்கே தேடுவது

எழுத்துச் சிக்கலைவிட ஆழமானது வினைத் தலைச்சொல் சிக்கல். தாத்தாரிய அகராதி மரபு வினையை அதன் தொழிற்பெயர் வடிவத்தில் பதிவு செய்கிறது. எழுதுதல் ‘யஸு’, எடுத்தல் ‘அலு’, படித்தல் ‘உக்கு’, நிற்றல் ‘தொரு’. தொழிற்பெயரைத் தலைச்சொல்லாக்குவது தமிழருக்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் (1924–1936) தல், த்தல் ஈறுகளுடன்தான் வினைகளைத் தருகிறது. ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. லெக்சிகன் ‘எழுது-தல்’ என்று வேருக்கும் ஈற்றுக்கும் நடுவே சிறு கோடிட்டுப் பிரித்துக் காட்டுகிறது; வினை எவ்வகையைச் சார்ந்தது என்பதற்கு எண்ணும் தருகிறது. தாத்தாரியத்திலோ உகர ஈறு வேரோடு கலந்து அதனை மறைத்துவிடுகிறது.

‘தொரு’ என்பதிலிருந்து உகரத்தை நீக்கினால் ‘தொர்’ என்னும் வேர் சரியாகக் கிடைக்கும். அதே முறையில் ‘உக்கு’ என்பதில் உகரத்தை நீக்கிய மாணவர் தவறான இடத்தில் போய் நிற்பார்; ஏனெனில் அதன் வேர் ‘உக்கி’. வேரின் இறுதி உயிர் உகரத்தின்முன் கெட்டுப் போயிற்று. தலைச்சொல்லை மட்டும் காண்பவருக்கு இவ்விரண்டும் ஒரே வகை வினைகளாகவே தோன்றும். இன்னும் ஒன்று. ‘அலு’வுக்கு எச்ச வடிவம் ‘அலிர்கா’, ‘யஸு’வுக்கு ‘யஸர்கா’. ஓரசை வேர்களில் எது இகரம் பெறும், எது அகரம் பெறும் என்பதை விதியால் முற்றும் வரையறுக்க முடியாது. ஒவ்வொன்றாக அறிந்துகொள்ள வேண்டும். தமிழில் ‘படித்தான்’, ‘குடித்தான்’ என்பவற்றோடு ‘கடிந்தான்’ என்பது சேராததை அயலார் எவ்வாறு ஒவ்வொன்றாகக் கற்கின்றனரோ அதைப் போன்றதே இது. கற்போர்க்கு இன்றியமையாத இச்செய்தியைத் தலைச்சொல் தாங்கவில்லை.

இவ்வமைப்பைக் குறைகூறுமுன் அதன் நியாயத்தையும் சொல்ல வேண்டும். தாத்தாரியம் பேசி வளர்ந்தவருக்கு ‘உக்கு’வின் வேர் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொழிற்பெயரோ மொழியில் உயிருள்ள சொல். ‘யஸு’ என்பது எழுதுதலையும் எழுத்தையும் குறிக்கும், ‘உக்கு’ என்பது படித்தலையும் படிப்பையும் குறிக்கும். வேரை மட்டும் தலைச்சொல்லாக்கினால் அது ஏவலாகத் தோன்றும். தாய்மொழியாளர் காதுக்கு இயல்பாக ஒலிக்கும் வடிவத்தையே தொகுப்பாளர்கள் தேர்ந்தார்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (1992) வேரை வைத்து, அதன்பின் ‘எழுத, எழுதி’ என்று இரு எச்சங்களைத் தந்து இச்சிக்கலைத் தீர்த்திருப்பது நம் ஆசிரியர்களுக்குத் தெரிந்ததே. அவ்வாறு ஓர் அடைப்புக்குறிக்குள் இரு வடிவங்களைச் சேர்த்திருந்தால் தாத்தாரிய அகராதிக்கும் இடம் பெரிதாகச் செலவாகியிருக்காது.

வினையிலிருந்து பிறக்கும் பிறவினை, செயப்பாட்டுவினை, ஒருவர்க்கொருவர் செய்யும் வினை ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பதிவு தரப்படுகிறது. ‘யஸிலு’ என்ற பதிவில் ‘யஸுவின் செயப்பாட்டுவினை’ என்றும், ‘யஸ்திரு’ என்ற பதிவில் ‘யஸுவின் பிறவினை’ என்றும் குறிப்பு வரும். இலக்கணம் அறிந்தவருக்கு இக்குறிப்பு வேண்டாதது, அறியாதவருக்குப் போதாதது. ஆனால் ‘யஸ்திரு’ எழுதுவித்தல் மட்டுமன்று. ஒலிப்பதிவு செய்தலும் அதுவே. ‘யஸிஷு’ ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்ளுதல். விகுதியால் பிறந்த சொல் எந்தக் கட்டத்தில் தனிப்பொருள் பெற்றுத் தனிச்சொல்லாகிறது என்பதே அகராதியாளர் ஆராய வேண்டிய இடம். அங்கே ‘பிறவினை’ என்ற ஒற்றைக் குறிப்போடு நின்றுவிடுவது கடமையைப் பாதியில் விடுவதாகும். பிறந்த சொற்களையெல்லாம் வேரின்கீழ் ஒரே கூட்டில் அடுக்கும் காமூஸ் டேவானின் வழியை இங்குள்ளோர் நினைத்துப் பார்க்கலாம். அவ்வழி மலாயின் முன்னொட்டுகளால் தேவையாயிற்று. பின்னொட்டு மட்டுமே உள்ள தாத்தாரியத்தில் வேர் எப்போதும் முதலில் நிற்பதால் அகரவரிசையே கூட்டாக அமைந்துவிடுகிறது. இது தாத்தாரியத்தின் பேறு.

துணைவினைகளுக்கு வரும்போது தமிழாசிரியர் ஒருவர் தம் வீட்டுக்குள் நுழைந்த உணர்வைப் பெறுவார். ‘யஸிப் பெதெரு’ என்பது எழுதி முடித்தல். ‘யஸிப் குயு’ எழுதி வைத்தல். ‘யஸிப் பிரு’ எழுதிக் கொடுத்தல். ‘கராவு’ என்றால் பார்த்தல். ‘உக்கிப் கராவு’ என்றால் படித்துப் பார்த்தல், அதாவது படிக்க முயலுதல். தொடர்பற்ற இரு குடும்பங்கள் ஒரே வழியில் சென்றிருக்கும் இவ்வொற்றுமை பற்றித் தனியே எழுத வேண்டும். அகராதிச் சிக்கல் வேறு: இக்கூட்டுவினை ‘யஸு’வின்கீழா, ‘பெதெரு’வின்கீழா? நடைமுறையில் இரண்டுமே நிகழ்கின்றன. முதலுறுப்பின்கீழ்ச் சில கூட்டுகள் எடுத்துக்காட்டாக வரும். இரண்டாம் உறுப்பின்கீழ் ‘துணைவினைப் பொருளில்’ என்ற குறிப்புடன் ஓர் உட்பிரிவு வரும். எவையெவை அச்சேறின, எவை விடுபட்டன என்பதற்கு நெறி எதுவும் புலப்படவில்லை. தமிழ் அகராதிகளும் இக்குற்றத்திலிருந்து தப்பியவை அல்ல.

ருஷ்யத்திலிருந்து தொடங்கும்போது

ருஷ்ய – தாத்தாரிய திசையில் நிலைமை தலைகீழாகிறது. ருஷ்ய வினை நிறைவுறாவினை, நிறைவுவினை என்று இணையாக வரும்: ‘பிசாத்’, ‘நபிசாத்’. முன்னொட்டு சேர்ந்ததால் இவ்விரண்டும் அகரவரிசையில் வெகுதூரம் பிரிந்து நிற்கின்றன. ஒன்றின்கீழ் முழுப்பதிவு, மற்றதன்கீழ் ‘காண்க’ என்ற குறிப்பு. தாத்தாரியப் பக்கத்தில் இரண்டிற்கும் ‘யஸு’ எனல் ஒரு வழி. நிறைவுவினைக்கு ‘யஸிப் பெதெரு’ எனல் மற்றொரு வழி. முதலாவது பொருளைக் குறைக்கிறது, இரண்டாவது மிகைப்படுத்துகிறது. எப்போது எது பொருந்தும் என்பதை எடுத்துக்காட்டுத் தொடர்களே காட்ட வேண்டும்.

இயங்கல் வினைகளில் இரு மொழிகளும் உலகை வெவ்வேறாகக் கூறுபோடுகின்றன. ருஷ்யத்தில் நடந்து செல்வது ‘இத்தீ’, ஊர்தியில் செல்வது ‘யேஹத்’. தாத்தாரியத்திற்குச் செல்லும் முறை முதன்மையன்று, திசையே முதன்மை. போதல் ‘பரு’, வருதல் ‘கிலு’. ஆகவே ‘இத்தீ’ என்னும் பதிவில் ‘பரு’, ‘கிலு’ இரண்டும் வர, ஒவ்வொன்றுக்கும் அடைப்புக்குள் விளக்கம் தேவைப்படுகிறது. ‘போ’, ‘வா’ என்னும் இரண்டையும் உடைய நமக்கு இதில் வியப்பில்லை.

உறவுப்பெயர்களும் அவ்வாறே. ருஷ்யத்தின் ‘பிராத்’ என்ற ஒரு சொல்லுக்கு எதிரே ‘மூத்த’, ‘இளைய’ என்று பிரித்து ‘அபிய்’, ‘எனெ’ என இரு சொற்கள் வரவேண்டும். ‘ஸெஸ்த்ரா’வுக்கு எதிரே ‘அபா’, ‘செஙெல்’. (‘அபா’வில் பகரத்தை வல்லொலியாகப் படிக்க; அதற்காக இரட்டித்து எழுதினால் அக்காள் தந்தையாகிவிடுவாள்.) அக்காள் கணவர் ‘ஜிஸ்னி’, ருஷ்யத்தின் ‘ஸ்யாத்’ என்ற சொல் அவரையும் மருமகனையும் ஒன்றாகவே சுட்டும். தாத்தாரியத்திலிருந்து தொடங்கும் அகராதியில் இவ்வுறவுகள் தத்தம் பெயருடன் தனித்து நிற்கின்றன; ருஷ்யத்திலிருந்து தொடங்கினால் அடைப்புக்குறிகளாகச் சுருங்கிவிடுகின்றன. எதிர்மாறாக, ‘ஓன்’, ‘அனா’, ‘அனோ’ என்னும் மூன்று ருஷ்யப் பதிவுகளுக்கும் விடை ‘உல்’ என்ற ஒன்றே. தாத்தாரியத்தில் அவன், அவள், அது என்ற பாகுபாடு இல்லை. ‘உல்’ மகனையும் குறிக்கும். எனவே தாத்தாரிய – ருஷ்ய அகராதியில் அது உரோம எண்களால் இரு தலைச்சொற்களாகப் பிரிக்கப்படும். அகவையும் இளமையும் குறிக்கும் ‘யாஷ்’, கண்ணீரைக் குறிக்கும் ‘யாஷ்’ ஆகியவற்றிற்கும் இந்நிலையே.

உரோம எண் ஒப்புருச் சொல்லுக்கு. புள்ளியிட்ட எண் சொல்வகைக்கு. அரைவட்ட அடைப்பு பெற்ற எண் பொருளுக்கு. சாய்சதுரக் குறி மரபுத்தொடருக்கு. அலைக்கோடு தலைச்சொல் மீண்டும் வரும் இடத்திற்கு. சோவியத் காலத்து இருமொழி அகராதிகளின் இந்த ஏற்பாடு மிகச் செப்பமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் இதில் புள்ளியிட்ட எண்தான் தாத்தாரியத்திற்குப் பொருந்தாமல் உறுத்துகிறது. ‘யக்ஷி’ என்றால் நல்லது, நன்றாக. ருஷ்யத்தில் ‘ஹரோஷி’ பெயரடை, ‘ஹரஷோ’ வினையடை, இரண்டு வடிவங்கள். ஆகவே தாத்தாரியச் சொல்லும் ‘1. பெயரடை, 2. வினையடை’ என்று பிளக்கப்படுகிறது. ‘திமெர்’ என்றால் இரும்பு. ‘திமெர் யுல்’ இருப்புப்பாதை. ருஷ்யத்திற்கு ‘ஷிலேஸ்னி’ என்ற தனிப் பெயரடை உண்டு என்பதாலேயே ‘திமெர்’ என்பதற்கும் ‘பெயரடைப் பொருளில்’ என்ற இரண்டாம் பிரிவு வந்து சேர்கிறது. பெயர் பெயரைத் தழுவித் தொகையாவது தாத்தாரியத்தின் இயல்பு. அதை ஒவ்வொரு பெயரின்கீழும் விதிவிலக்குப் போலப் பதிவது பிறமொழி இலக்கணத்தின் நிழல். மரக்கதவு என்பதற்காக ‘மரம்’ என்னும் சொல்லைப் பெயரடையாகவும் பதிய வேண்டும் என்று யாரேனும் நம்மிடம் கூறினால் நாம் ஏற்கமாட்டோம்.

கடன்சொற்களைப் பற்றி நீட்டிக்க வேண்டியதில்லை. சோவியத் காலத்தில் ருஷ்யம் வழிவந்த சொற்கள் ருஷ்ய எழுத்துக்கூட்டலிலேயே தாத்தாரியத்தில் எழுதப்பட்டன. எனவே ‘டிராக்டர்’ என்பதற்கு எதிரே ‘டிராக்டர்’ என்று அச்சிட்ட பதிவுகள் மிகுந்தன. சொல்லெண்ணிக்கை கூடியது, செய்தி கூடவில்லை. 1990களில் விமானத்திற்கு ‘சமல்யோத்’ என்பதோடு, பறத்தல் வினையடியாகப் பிறந்த ‘ஒச்கிச்’ என்பதும், குடியரசுக்கு அரபு வழிவந்த ‘ஜொம்ஹூரியத்’ என்பதும் புழக்கத்தில் வலுப்பெற்றன. அகராதி இரண்டையும் தந்தால்தான் நேர்மை.

அகராதி யாருக்காக

ருஷ்ய மொழியியலறிஞர் லெவ் ஷெர்பா (1880–1944), ஒவ்வோர் இணை மொழிகளுக்கும் நான்கு அகராதிகள் வேண்டும் என்றார். இரு திசைகளுக்கு இரண்டு, அவற்றுள் ஒவ்வொன்றும் இரு மக்களுக்குத் தனித்தனியே. ஒரே ருஷ்ய – தாத்தாரிய அகராதி ருஷ்ய நூலைப் படிக்க விழையும் தாத்தாரியருக்கும், தாத்தாரியத்தில் பேச விழையும் ருஷ்யருக்கும் ஒருங்கே பயன்பட முடியாது. முன்னவருக்கு ருஷ்யச் சொல்லின் விளக்கம் வேண்டும். பின்னவருக்குத் தாத்தாரியச் சொற்களுள் எதைத் தேர்வது, எவ்வாறு திரிப்பது என்ற வழிகாட்டல் வேண்டும்.

இவ்வளவுகோலால் கசான் மரபை அளந்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. 1955 முதல் 1959 வரை வெளிவந்த ருஷ்ய – தாத்தாரிய அகராதி நான்கு தொகுதிகள் கொண்டது. 1966இல் மாஸ்கோவில் வெளிவந்த தாத்தாரிய – ருஷ்ய அகராதி ஏறத்தாழ 38,000 சொற்கள் கொண்ட ஒரே தொகுதி. ஃபுவாத் கனியெவ் பதிப்பித்த 1984ஆம் ஆண்டு ருஷ்ய – தாத்தாரிய அகராதியில் ஏறத்தாழ 47,000 சொற்கள் உள்ளன. சட்டமும் செய்தித்தாளும் பாடநூலும் ருஷ்யத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்ட காலத்தில் மொழிபெயர்ப்பாளரே முதன்மைப் பயனாளர். அவர் தாத்தாரியம் அறிந்தவர். வேர் மறைந்த தலைச்சொல்லும் திரிபு காட்டாத பதிவும் அவருக்கு இடையூறு அல்ல. தாத்தாரிய – ருஷ்ய திசையில் பெரிய முயற்சி 2007இல்தான் கசானில் இரு தொகுதிகளாக நிறைவேறியது.

இன்று பயனாளர் மாறிவிட்டார். 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ருஷ்யாவில் தாத்தாரியம் அறிந்தோர் ஏறத்தாழ 4.3 மில்லியன், 2021இல் ஏறத்தாழ 3.3 மில்லியன். 2017 நவம்பரில் தாத்தார்ஸ்தான் சட்டமன்றம் எடுத்த முடிவின்படி, பள்ளிகளில் அதுவரை எல்லாரும் கற்ற தாத்தாரியம், பெற்றோர் எழுத்தால் ஒப்புதல் தந்தால் மட்டும், வாரத்திற்கு 2 மணி நேரம் வரை என்றாயிற்று. ஆசிரியரிடம் கேட்டுத் தெளியும் நேரம் குறையும்போது அகராதியின் சுமை கூடுகிறது. தாத்தாரியரே ஆயினும் வீட்டில் ருஷ்யம் பேசி வளரும் பிள்ளைதான் இனி அதனைத் திறக்கப்போகிறவர். ஷெர்பா கூறிய நான்கில் இப்பிள்ளைக்கு உரியது எது என்று கேட்டால் விடை எளிதன்று. மரபால் தாய்மொழியாளர், தேவையால் அயல்மொழியாளர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழ் வகுப்பில் நிற்போர் இவரை அடையாளம் காண்பர்.

கணினியில் தேடும் வசதி வந்தபின் அகரவரிசைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஆறு எழுத்துகள் எங்கே நின்றாலும் இன்று இழப்பில்லை. தலைச்சொல் சிக்கல் தீரவில்லை. பாட்டி அனுப்பிய செய்தியில் ‘உக்கிப் கராதிம்’ என்று இருக்கிறது எனக் கொள்வோம். ‘படித்துப் பார்த்தேன்’ என்பது அதன் பொருள். பிள்ளை ‘உக்கிப்’ என்று தட்டினால் அப்படி ஒரு தலைச்சொல் இல்லை. ‘உக்கி’ என்று தட்டினாலும் இல்லை. ‘கராதிம்’ என்பதிலிருந்து ஒருவாறு ‘கராவு’வை அடைந்துவிட்டால், பார்த்தல், நோக்குதல், கவனித்துக்கொள்ளுதல் என்ற பொருள்களையெல்லாம் கடந்து, பதிவின் பிற்பகுதியில் ‘துணைவினைப் பொருளில்’ என்று ருஷ்யத்தில் சுருக்கி அச்சிட்ட குறிப்பு வரை அவர் படிக்க வேண்டும். பெரும்பாலோர் முதற்பொருளைக் கண்டதும் நிறுத்திவிடுவர். பாட்டி எதையோ படித்துவிட்டு எதையோ பார்த்ததாகப் புரிந்துகொள்வர்.